மறைந்தும் மறையாத குரல்
ஜிம் ரீவ்ஸ் நினைவைக் காத்துவரும் ரசிகர்கள்

பாடுபவர் மறைந்த பின்னும் அவர் குரல் வாழ்வது, ஒலிப்பதிவுக் கருவி நம் காலத்துக்கு அளித்த கொடைகளுள் ஒன்று. ஆயினும் இசைத்தட்டு தானாக ஒலிப்பதில்லை. அதை உறையிலிருந்து எடுத்துத் துடைத்துச் சுழலவிட ஒரு கை வேண்டும். கேட்க ஒரு செவி வேண்டும். கேட்டதை அடுத்தவரிடம் சொல்ல ஒரு வாய் வேண்டும். இம்மூன்றும் இல்லாமையால் எத்தனையோ நல்ல குரல்கள் தட்டிலேயே உறைந்துபோயின. இவை மூன்றும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குறைவின்றி வாய்த்த ஒருவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

அவர் பெயர் ஜிம் ரீவ்ஸ். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த கண்ட்ரி இசைப் பாடகர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் உழவர்களும் தொழிலாளர்களும் கிட்டாருடனும் பிடிலுடனும் பாடிவந்த பாட்டுமுறையே வானொலியும் இசைத்தட்டும் வந்தபின் கண்ட்ரி இசை எனப் பெயர் பெற்றது. 1964ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், தம் 41ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள் எஞ்சியிருந்த நிலையில், ரீவ்ஸ் விமான விபத்தில் உயிரிழந்தார். ஆனால் இன்றும் டிசம்பர் மாதம் பிறந்தால் நம் நாட்டின் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றிலும், இலங்கையின் கடைத்தெருக்களிலும் அந்த ஆழ்ந்த, நிதானமான குரல் கேட்கிறது. நம் வாசகர்களில் மூத்தோர் பலர், பாடகரின் பெயரை அறியாமலேயே அக்குரலைக் கேட்டிருக்கக்கூடும்.

பந்து எறிந்த கை

ஜேம்ஸ் டிராவிஸ் ரீவ்ஸ் 1923ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், டெக்சாஸின் கிழக்கு எல்லையை ஒட்டிய பனோலா மாவட்டத்தில் காலோவே என்னும் சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். பல பிள்ளைகள் கொண்ட எளிய உழவர் குடும்பத்தைத் தாயே தாங்கினார்.

இளமையில் அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று கிட்டார், மற்றொன்று பேஸ்பால் ஆட்டம். ஆட்டமே முதலில் கைகொடுத்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்னும் புகழ்பெற்ற அணியின் துணை அணிகளில் பந்து எறிபவராகச் சேர்ந்தார். ஆனால் காலில் நரம்பு பாதிக்கப்பட்டதால் 1947இல் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது. அதே ஆண்டில் மேரி ஒயிட் என்னும் பெண்ணை மணந்தார். பின்னாளில் ரீவ்ஸின் பெயர் அழியாது நின்றதற்கு இந்த மேரியே முதற்காரணம் ஆவார்.

ஆட்டக்களம் கைவிட்டபின் வானொலி அழைத்தது. டெக்சாஸின் ஹெண்டர்சன் நகரிலும், பின்னர் லூயிசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரிலும் அறிவிப்பாளராகப் பணிபுரிந்தார். ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகவும் அவசரமின்றியும் உச்சரிக்கும் பழக்கம் அவருக்கு அங்கே வாய்த்தது. ஷ்ரீவ்போர்ட்டின் 'லூயிசியானா ஹேரைடு' நிகழ்ச்சியில் பாடத் தொடங்கி, 1953இல் 'மெக்சிகன் ஜோ' என்னும் பாடலால் கண்ட்ரி இசைப் பட்டியலின் முதலிடத்தை எட்டினார். 1955இல் ஆர்.சி.ஏ. விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையும் அவரை ஏற்றுக்கொண்டது. கண்ட்ரி இசைக் கலைஞருக்கு அம்மேடை, நம் சங்கீத வித்துவான்களுக்கு மார்கழிக் கச்சேரி மேடை போன்றது.

தாழ்ந்த குரலின் வெற்றி

தொடக்க காலத்தில் ரீவ்ஸும் மற்றவர்களைப் போல உரத்த குரலில்தான் பாடினார். 1950களின் நடுப்பகுதியில் அவர் தம் முறையை மாற்றிக்கொண்டார். ஒலிவாங்கிக்கு மிக அருகில் உதடுகளை வைத்து, பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் பேசுவது போலத் தணிந்த குரலில் பாடத் தலைப்பட்டார். நிறுவனத்தில் சிலருக்கு அது உடன்பாடாக இல்லை. ஆனால் தயாரிப்பாளரும் கிட்டார் மேதையுமான செட் அட்கின்ஸ் அவருக்குத் துணை நின்றார். 1957இல் வெளிவந்த 'ஃபோர் வால்ஸ்' அந்த முறையில் அமைந்து பெருவெற்றி பெற்றது. பிடிலும் பாஞ்சோவும் பின்னே போய், மென்மையான பியானோவும் இணைக்குரல்களும் முன்னே வந்தன. 'நாஷ்வில் சவுண்ட்' என்று வரலாறு குறிக்கும் இசைப்போக்கின் தொடக்க நாட்கள் அவை.

1959ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதிவான 'ஹீல் ஹேவ் டு கோ' உலகையே அவர்பால் திருப்பியது. வேறொருவருடன் இருக்கும் காதலியிடம் தொலைபேசியில் பேசும் ஒருவனின் மனநிலையே அப்பாட்டின் பொருள். வியப்பு என்னவெனில், நிறுவனம் அதை இசைத்தட்டின் பின்பக்கத்தில் வைத்திருந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். நேயர்கள் அதையே மீண்டும் மீண்டும் கேட்டார்கள். 1960இல் அது கண்ட்ரி இசைப் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பொதுவான பாப் இசைப் பட்டியலிலும் இரண்டாம் இடம் பெற்றது. எது முகப்பு, எது பின்பக்கம் என்பதை முடிவு செய்யும் உரிமை கேட்பவருக்கே உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டு நாள் தேடல்

தாமே விமானம் ஓட்டக் கற்றிருந்த ரீவ்ஸ், 1964ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஆர்கன்சா மாநிலத்தின் பேட்ஸ்வில் நகரிலிருந்து ஒற்றைப் பொறி கொண்ட சிறு விமானத்தில் நாஷ்வில் நோக்கிப் புறப்பட்டார். உடன் சென்றவர் அவருடைய பியானோ கலைஞரும் மேலாளருமான டீன் மேனுவல். நாஷ்விலை நெருங்குகையில் விமானம் இடிமழையில் சிக்கியது. நகருக்குத் தெற்கே பிரென்ட்வுட் அருகே மரங்கள் அடர்ந்த பகுதியில் அது விழுந்து நொறுங்கியது.

விழுந்த இடம் உடனே புலப்படவில்லை. சக பாடகர்களும் பொதுமக்களும் காட்டுக்குள் இறங்கித் தேடினார்கள். ஆகஸ்ட் 2ஆம் நாள்தான் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. ரீவ்ஸின் உடல் பிறந்த மண்ணுக்கே கொண்டுசெல்லப்பட்டு, பனோலா மாவட்டத்தின் கார்த்தேஜ் நகருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டது. அங்கே அவருடைய உருவச்சிலை நிற்கிறது. அச்சாலை வழியே செல்லும் ரசிகர்கள் வண்டியை நிறுத்தி, சற்று நேரம் நின்றுவிட்டுப் போவது வழக்கம்.

மேரி காத்த கருவூலம்

பொதுவாக ஒரு பாடகரின் தொழில் அவருடைய மறைவோடு முடிந்துவிடும். ரீவ்ஸுக்கு அவ்வாறு நிகழவில்லை. அவர் மறைந்தபோது வெளியிடப்படாத பாடல்கள் ஏராளமாக இருந்தன. ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானவை, வீட்டில் பதிவு செய்தவை, பாடலாசிரியர்களுக்கு மாதிரிக்காகப் பாடிக் கொடுத்தவை எனப் பலவகை. இவற்றைக் காக்கும் பொறுப்பு மேரி ரீவ்ஸிடம் வந்தது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. கணவருடைய குரலையே மேரி தம் கையில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையாகக் கொண்டார் எனலாம்.

அனைத்தையும் ஒரே நேரத்தில் விற்றிருந்தால் சில ஆண்டுகளில் கையிருப்பு தீர்ந்திருக்கும். மேரி அவ்வாறு செய்யவில்லை. நிறுவனத்துடன் கலந்து, ஆண்டுக்குச் சில என்று அளந்து வெளியிட்டார். வானொலி நிலையத்தாருடனும் ரசிகர்களுடனும் தொடர்பை அறாமல் வைத்திருந்தார். இவ்வாறு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரீவ்ஸின் 'புதிய' பாடல்கள் வந்துகொண்டே இருந்தன. முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது எப்படி என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேரி கையாண்டதும் அந்த முறையே.

அவ்வாறு வந்தவற்றுள் தலையாயது 'டிஸ்டன்ட் டிரம்ஸ்'. பாடலாசிரியை சிண்டி வாக்கருக்காக ரீவ்ஸ் மாதிரியாகப் பாடிக் கொடுத்த பாடல் அது. பொதுமக்களிடம் எடுபடாது என்று அப்போது ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் மறைந்தபின் அக்குரலுடன் புதிய வாத்திய இசையைச் சேர்த்து வெளியிட்டார்கள். 1966ஆம் ஆண்டு செப்டம்பரில் அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து ஐந்து வாரங்கள் அங்கேயே இருந்தது. பீட்டில்ஸ் குழுவினர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்த டெக்சாஸ்காரர் ஒருவரின் தணிந்த குரல் அந்த ஆரவாரத்துக்கு நடுவே மேலெழுந்தது.

சேர்க்கலாமா, சேர்க்கக்கூடாதா?

இங்கேதான் ரசிகர்களிடையே இன்றுவரை ஓயாத விவாதம் ஒன்று தொடங்குகிறது. மறைந்தவரின் பழைய பதிவோடு புதிய வாத்தியங்களைச் சேர்ப்பது முறையா?

1979இல் டெபோரா ஆலன் என்னும் இளம் பாடகியின் குரலை ரீவ்ஸின் குரலோடு இணைத்து இருவர் பாடும் பாடல்களாக வெளியிட்டார்கள். 1981இல் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் விமான விபத்தில் உயிரிழந்த பாட்ஸி கிளைன் என்னும் பெரும் பாடகியின் குரலையும் ரீவ்ஸின் குரலையும், வெவ்வேறு பதிவுகளிலிருந்து பிரித்தெடுத்து ஒரே பாட்டில் கோத்தார்கள். விபத்தில் மாண்ட இருவர், வாழ்நாளில் சேர்ந்து பாடாத ஒரு பாட்டை மறைந்தபின் சேர்ந்து பாடினார்கள். அதுவும் வெற்றி பெற்றது.

ஒரு சாரார் இதை வரவேற்கிறார்கள். காலத்துக்கேற்ற உடை அணிவித்தால்தான் இளைஞர் திரும்பிப் பார்ப்பர் என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாரார் கடுமையாக மறுக்கிறார்கள். ரீவ்ஸ் எந்தப் பியானோவைக் கேட்டுப் பாடினாரோ, எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினாரோ, அதுவே அவருடைய கலை. பின்னணியை மாற்றினால் குரல் மிஞ்சும், பாட்டு மிஞ்சாது என்பது அவர்கள் நிலை.

நம் நாட்டிலும் மறைந்த பாடகர்களின் குரலைக் கணினி வாயிலாக மீண்டும் உருவாக்கும் முயற்சிகள் வந்துவிட்டன. எனவே இது அயல்நாட்டு ரசிகர்களின் விவாதம் மட்டுமன்று. ஒருவருடைய குரல் அவருக்குப் பின் யாருக்கு உரியது? உரிமம் வைத்திருப்பவர் எதையும் செய்யலாமா? சட்டம் ஒரு விடை தரலாம். அன்பு வேறொரு விடை தரக்கூடும். நம் கருத்தில், சேர்ப்பதைத் தடுக்க இயலாவிடினும், சேர்க்கப்படாத மூலப்பதிவு கேட்போருக்குக் கிடைக்கும்படி காப்பது குறைந்தபட்சக் கடமை. ரீவ்ஸின் ரசிகர்கள் பெரும்பாலும் கேட்டுப் போராடி வந்திருப்பதும் அதையே.

எல்லை கடந்த அன்பு

ரீவ்ஸின் புகழில் ஒரு தனித்தன்மை உண்டு. தாய்நாட்டில் புகழ் மங்கிய காலத்திலும் வெளிநாடுகளில் அது ஒளி குன்றவில்லை. 1962இல் தென்னாப்பிரிக்காவில் பாடினார். மறு ஆண்டு அங்கே சென்று 'கிம்பர்லி ஜிம்' என்னும் திரைப்படத்தில் நடித்தார். ஆப்பிரிக்கான்ஸ் மொழிப் பாடல்களையும் பயின்று பதிவு செய்தார். 1963இல் அயர்லாந்து முழுதும் சுற்றிப் பாடினார். 1964 ஏப்ரலில் நார்வே சென்றார். அவ்வாண்டில் 'ஐ லவ் யூ பிகாஸ்' அந்நாட்டின் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவருடைய மறைவுக்குப் பின்னும் அந்நாட்டவர் அவரை மறக்கவில்லை.

கண்ட்ரி இசையை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுசெல்பவர்களுக்கு அகாதெமி ஆஃப் கண்ட்ரி மியூசிக் வழங்கும் விருதுக்கு ஜிம் ரீவ்ஸின் பெயரே சூட்டப்பட்டிருப்பது மிகப் பொருத்தம். 1967இல் நாஷ்வில் நகரின் கண்ட்ரி இசைப் புகழரங்கிலும், 1998இல் டெக்சாஸ் கண்ட்ரி இசைப் புகழரங்கிலும் அவர் இடம்பெற்றார்.

நம் மண்ணில் வேர்விட்ட கதை

தொலைக்காட்சி இல்லாத அந்நாளில் இந்தியரின் செவிக்கு மேல்நாட்டு இசையைக் கொண்டுவந்ததில் இலங்கை வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் ஆங்கிலச் சேவை தென்னிந்தியாவில் மட்டுமன்றி நாட்டின் பல பகுதிகளிலும் கேட்டது. இலங்கையிலோ, ஆங்கிலப் பாடகர்களுள் ரீவ்ஸுக்கு நிகரான செல்வாக்கு வேறு எவருக்கும் இல்லை என்று கூறுமளவுக்கு அவர் புகழ் வளர்ந்தது. ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், கோவா, கேரளம், வடகிழக்கு மாநிலங்கள் எனக் கிறிஸ்தவ இசை மரபு ஊன்றிய இடங்களிலெல்லாம் அவர் பாடல்கள் குடும்ப உடைமை போல் ஆயின.

இதற்குக் காரணம் என்ன? அவருடைய உச்சரிப்பு முதற்காரணம். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி அவர் பாடினார். வேகம் குறைவு என்பதால் கூடவே பாட முடிந்தது. கிட்டார் பழகத் தொடங்கியவர் மூன்று நான்கு ஸ்வரக்கட்டுகளில் அவருடைய பாட்டை வாசித்துவிட முடிந்தது. பாட்டின் பொருளோ பிரிவு, காத்திருப்பு, வீடு, இறைநம்பிக்கை. இவற்றை உணர டெக்சாஸில் பிறந்திருக்க வேண்டியதில்லை. பாலைத்திணையும் முல்லைத்திணையும் அறிந்த தமிழருக்குப் பிரிவும் இருத்தலும் புதியவையா என்ன? 1963இல் வெளிவந்த அவருடைய கிறிஸ்துமஸ் இசைத்தட்டில் 12 பாடல்கள் இருந்தன. தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, கைபேசி எனக் கருவிகள் மாறியும் அப்பன்னிரண்டும் ஆண்டுதோறும் திரும்ப வருகின்றன.

மற்றொரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் அருகே வாழ்ந்தவரும், 1925 முதல் 1969இல் மறையும்வரை பேசாநோன்பு காத்தவருமான மெஹர் பாபாவுக்கு ரீவ்ஸின் பாடல்கள் விருப்பமானவை. 'வெல்கம் டு மை வேர்ல்ட்', 'தேர்ஸ் எ ஹார்ட்ஏக் ஃபாலோயிங் மீ' ஆகிய இரண்டையும் அவர் குறிப்பாக விரும்பினார். பாபாவின் அன்பரான இங்கிலாந்து ராக் இசைக் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், இரண்டாவது பாடலைத் தாமே பாடி 1972இல் வெளியான தம் இசைத்தொகுப்பில் சேர்த்தார். டெக்சாஸின் பாட்டு, தக்காணத்தில் ஒரு மௌனியின் செவி வழியாக லண்டனின் ராக் இசைக்குள் நுழைந்தது. நினைவு எவ்வழியில் பயணம் செய்யும் என்று யார் கணிக்கக்கூடும்?

அருங்காட்சியகம் மூடியபின்

1981இல் மேரி ரீவ்ஸ், நாஷ்வில் நகரின் பழமையான இல்லமொன்றில் கணவருக்காக ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். ரீவ்ஸின் உடைகளும், கிட்டார்களும், இசைத்தட்டுகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. பல நாட்டு ரசிகர்கள் யாத்திரை போல வந்து சென்றார்கள். 1990களின் நடுப்பகுதியில் மேரியின் உடல்நலம் குன்றியது. அருங்காட்சியகம் மூடப்பட்டது, உரிமைகள் கைமாறின. 1999 நவம்பரில் மேரியும் காலமானார். நூற்றாண்டுகள் கண்ட அந்த இல்லமும் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது.

கட்டிடம் போயிற்று. காப்பாளரும் போனார். மாபெரும் நினைவுகள் பலவும் இந்தக் கட்டத்தில்தான் அழிகின்றன. ரீவ்ஸின் நினைவு அழியவில்லை. காரணம், அது ஏற்கெனவே ஒரு கட்டிடத்தை விட்டு ஆயிரம் வீடுகளுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

அந்த வீடுகளில் நடப்பது என்ன? ஒருவர் ரீவ்ஸின் ஒவ்வொரு பதிவுக்கும் நாள், இடம், வாசித்தவர் பெயர் ஆகியவற்றைத் திரட்டிப் பட்டியலிடுகிறார். மற்றொருவர் பழைய வானொலி நிகழ்ச்சிகளின் பதிவைத் தேடிப்பிடித்துத் தூய்மை செய்கிறார். ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் அவருடைய ஒலிப்பதிவுக் கூடப் பாடல்களை 16 குறுந்தகடுகள் கொண்ட பெருந்தொகுப்பாக வெளியிட்டது. அத்தகைய தொகுப்புகள் ஆர்வலர்களின் பொறுமையான உழைப்பின்மேல் நிற்பவை. வாழ்க்கை வரலாறுகள் எழுதப்பட்டன. மேடைகளில் அவர் பாணியிலேயே பாடும் கலைஞர்கள் எழுந்தார்கள். நம் நாட்டில் இவ்வளவு முறையான ஏற்பாடு இல்லாவிடினும், திருமண விருந்திலும் கிறிஸ்துமஸ் மாலையிலும் வயதான மாமா ஒருவர் கிட்டாரை எடுத்து ஒரு ரீவ்ஸ் பாட்டைப் பாடுகிறார். பேரன் அதைக் கேட்கிறான். பட்டியலும் தொகுப்பும் எவ்வளவு தேவையோ, அந்தப் பாட்டும் அவ்வளவு தேவை.

ஆனாலும் ஒரு கவலை இருக்கிறது. ரீவ்ஸை மேடையில் நேரில் கண்டவர்களுள் எஞ்சியிருப்போர் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் திரட்டிய தட்டுகளும் குறிப்புகளும் அடுத்த தலைமுறையின் கைக்குப் போகுமா, பழைய பொருள் வாங்குபவரின் தராசுக்குப் போகுமா? இதுவே உலகெங்கும் ரசிகர்களின் முன்னுள்ள கேள்வி.

சட்டம் சொல்வது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஓர் ஒலிப்பதிவுக்கான உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும். பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு. அது இயற்றியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' இயற்றிய சிண்டி வாக்கர் 2006இல்தான் மறைந்தார். எனவே பழைய தட்டு ஒன்றின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டாலும், அதிலுள்ள பாடலின் உரிமை தொடரக்கூடும். சொந்தப் பயன்பாட்டுக்காகப் படி எடுப்பது வேறு, விற்பனைக்கு வெளியிடுவது வேறு என்பதை ஆர்வலர்கள் நினைவில் கொள்வது நலம்.

உரிமைக்காலம் முடிவதால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. யாரும் வெளியிடலாம் என்னும்போது பாடல்கள் பரவலாகக் கிடைக்கின்றன. அதே வேளையில், தரம் பாராமல் தேய்ந்த தட்டிலிருந்து எடுத்து, மலிவாகப் பெயர் மாற்றி விற்பவர்களும் பெருகுகிறார்கள். நல்ல பதிவு எது என்று எடுத்துச்சொல்ல அறிந்த ரசிகர்களின் தேவை அப்போதுதான் மிகுகிறது.

நம் வீட்டு அலமாரியில்

ரீவ்ஸின் தட்டு இல்லாவிடினும், டி.கே. பட்டம்மாளோ, கண்டசாலாவோ, நாகூர் ஹனிபாவோ பாடிய தட்டோ ஒலிநாடாவோ நம் வாசகர் பலரின் இல்லங்களில் இருக்கும். தாத்தாவின் குரலைப் பதிவு செய்த ஒலிநாடாவும் இருக்கலாம். அவற்றைக் காக்கச் சில எளிய முறைகளைக் கூறுகிறோம்.

இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகங்களைப் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயிலும் சூடும் பட்டால் தட்டு வளைந்துவிடும். கோடுகள் உள்ள பரப்பில் விரல் படாமல், விளிம்பையும் நடுப்பகுதியையும் மட்டுமே பிடிக்க வேண்டும். மென்தூரிகை கொண்டு கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். 78 சுழற்சி வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டுகள் கீழே விழுந்தால் உடைந்துவிடும். அவற்றை இரு கைகளாலும் எடுப்பது நல்லது.

ஒலிநாடாவுக்குப் பகை ஈரமும் பூஞ்சையும். நம் கடலோர ஊர்களில் இது பெரும் இடர். உலர்ந்த இடத்தில், ஒலிபெருக்கி போன்ற காந்தம் உள்ள பொருள்களுக்கு அப்பால், உறையிலிட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். பூஞ்சை படர்ந்த நாடாவை ஓடவிட்டால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். அதை விவரம் அறிந்தவரிடம் கொடுப்பதே முறை. நல்ல நிலையில் இருக்கும்போதே கணினிக் கோப்பாக மாற்றி, இரண்டு படிகள் எடுத்து, இரு வேறு இடங்களில் வைப்பது சிறந்தது. மாற்றிவிட்டோம் என்று மூலத்தை எறிந்துவிடலாகாது.

எல்லாவற்றையும்விட முதன்மையான ஒன்று உண்டு. பாடியவர் யார், பதிவு செய்த நாள் எது, வாங்கிய இடம் எது என்பதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பெயர் எழுதாத ஒலிநாடா, பெற்றுக்கொள்பவர் பெயர் குறிக்காத காசோலையைப் போன்றது. உங்கள் கணக்குக்கு நியமனதாரரைக் குறிப்பது போலவே, இத்தொகுப்பை உங்களுக்குப் பின் பேணப்போகிறவர் இவர் என்று வீட்டாருக்குத் தெரிவியுங்கள். அவரை அருகில் அமர்த்தி ஒரு பாட்டையாவது சேர்ந்து கேளுங்கள். கேளாத பாட்டை எவரும் காக்க மாட்டார்கள்.

ரீவ்ஸைக் காத்தவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். அளந்து செலவிட்ட ஒரு மனைவி, தட்டைத் திருப்பிப் போட்ட சில அறிவிப்பாளர்கள், ஓய்வு நேரத்தில் பட்டியல் எழுதிய அலுவலர்கள், விழா நாளில் கிட்டார் எடுத்த உறவினர்கள். இவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொணர்ந்த குரலே அறுபது ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. வரும் டிசம்பரில் அது எங்கேனும் உங்கள் செவியில் விழுமாயின், பக்கத்தில் இருக்கும் இளையவரிடம் அப்பாடகரின் பெயரைச் சொல்லுங்கள்.